தங்கத்தின் செருப்பு

1931, ஐப்பசி. செவ்வாய் இரவு.

நாற்று நடும் தங்கம் இன்றும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கொக்கிப்புழு மறுபடியும் அவள் ரத்தத்தைக் குடிக்கிறது.

"புழு கால் வழியாத்தான் ஏறும், செருப்புப் போடாம வெளிக்கிருக்கத் தோப்புக்குப் போகாதேன்னு சொன்னேனே!" என்று டாக்டர் கத்தினார்.

"போட்டேன் அய்யா. பண்ணையாரு தெருவுல கண்டுட்டாரு. ஒங்க சாதிக்குச் செருப்பு ஒரு கேடான்னு கேட்டு, தலையில சொமக்க வச்சாரு. பொறவு பிடுங்கிக் கொளத்துல எறிஞ்சாரு."

டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்தார். அந்தப் பண்ணையாரின் சாதாரணச் சளிக்கு வீடு தேடிப் போகிறவர் இவர். பழைய மருந்தையே எழுதினார்.

நான் கலக்கிக் கொடுத்தேன். "இதைக் குடி, புழு செத்துரும்" என்றேன்.

"சாவட்டும் நர்சம்மா. நாளைக்கும் அதே தோப்புக்குத்தானே போவணும்?"

குடித்துவிட்டு வெறுங்காலோடு படியிறங்கினாள். எனக்கு உறக்கம் வரவில்லை.