உடன் வருபவர்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு, உங்கள் வீட்டுக்காரி எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். விரலில் சிராய் ஏறிவிட்டது என்று பொய் சொல்லி, எதிர்க்கடை கடிகார ரிப்பேர்க்காரரிடம் பூதக்கண்ணாடி வாங்கி வந்தேன். பாவம் மனுஷர், சிராய் பிடுங்க ஒரு இடுக்கியும் சேர்த்துக் கொடுத்தார். கண்ணாடி உங்களைப் பார்க்கத்தான். உங்களை மட்டும் இல்லை.

நானும் மகளும் நல்ல சுகம். நீங்கள் சுகமாக இருப்பதைப் படத்திலேயே பார்த்துவிட்டதால் விசாரிக்கவில்லை.

விஷயம் இதுதான். நான் சலவைக்கூடத்தில் இஸ்திரி மேசைக்கு வந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. இத்தனை வருஷத்தில் இவள் கையால் ஒரு துணி கருகியதில்லை என்று முதலாளியம்மா எல்லோர் முன்னாலும் சொன்னார். ஒரு வாரம் மலையில் ஓய்வெடுத்துவிட்டு வா, துணைக்கு ஒருத்தரைக் கூட்டிக்கொள் என்று மூன்று ஆரோக்கிய விடுதிகளின் விளம்பரத் தாள்களைக் கையில் கொடுத்தார். எது வேண்டுமோ நானே தேர்ந்தெடுக்கலாமாம்.

முதல் விடுதியில் ஏழு நாளும் யாரும் வாயைத் திறக்கக் கூடாதாம். துணி மடிக்கிற அக்கா அதைக் கேட்டுவிட்டு, "உன்னை அங்க விட்டா மூணாம் நாள் அந்த மலையே பேச ஆரம்பிச்சிடும்டி" என்றாள். இரண்டாவதில் அருவிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து உடம்பெல்லாம் சேறு பூசுவார்களாம். ஊரார் துணியில் இருக்கிற சேற்றோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுள் போய்விட்டது. எனக்கு அது ஓய்வாகத் தெரியவில்லை.

மூன்றாவது தாளைத் திருப்பினேன். பச்சைச் சரிவு, பனிமூட்டம், ஒற்றையடிப் பாதை. பாதையில் வெள்ளைச் சட்டையில் நீங்கள். கையில் குடை. குடைக்குக் கீழே நீங்கள் இல்லை, ஒரு அம்மா.

காலை நடைக்கு ஆட்களைக் கூட்டிப் போகிற வேலை என்றுதான் எழுதியிருந்தீர்கள். குடை பிடிப்பது பற்றி எழுதவில்லை. பத்தொன்பது வருஷமாக மழை வந்தால் நீங்கள் குடையோடு நாலடி முன்னால் போவீர்கள், நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடி வருவேன். படத்தில் உங்கள் இடது தோள் தொப்பலாக நனைந்திருக்கிறது. அதைத்தான் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நாலு தடவை. மகள் எட்டிப் பார்த்து, "அப்பா பிடிச்சிருக்கறது குடையைத்தாம்மா, அந்த ஆன்ட்டி கையை இல்ல" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

இன்னொன்று. சட்டைக் கை மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது. அது என் இஸ்திரி இல்லை. யார் போட்டதோ, காலரில் கோட்டைவிட்டிருக்கிறாள்.

படிவத்தில் 'உடன் வருபவர்' என்ற இடத்தில் மடிக்கிற அக்கா தன் பெயரைப் போடச் சொன்னாள். நான் உங்கள் பெயரைப் போட்டேன். உறவு என்ற இடத்தில் கணவர் என்று, மூன்றாம் வகுப்புப் படிப்புக்குத் தப்பில்லாமல் எழுதினேன். உடம்புக்கு என்ன தொந்தரவு என்று கேட்டிருந்தார்கள். பதினாலு மாதமாக லீவு கிடைக்காத தொந்தரவு, அது அவருக்கு என்று எழுதினேன்.

நேற்று உங்கள் மேனேஜர் சலவைக்கூடத்துக்கே போன் பண்ணினார். வேலை செய்கிறவரே விருந்தாளியாக வரலாமா என்று விதியைப் பார்த்தாராம். தடை ஒன்றும் இல்லையாம், லீவும் போட்டு அறையும் ஒதுக்கிவிட்டாராம். நல்ல மனுஷர். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அவர் லீவே கேட்டதில்லையேம்மா. கல்யாணம் ஆயிடுச்சா அவருக்கு?" என்றார். "ஆயிடுச்சு சார், கொஞ்சம் மறதிக்காரர்" என்றேன். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மதியம் முழுக்கப் படுக்கை விரிப்புகளை மட்டும் எடுத்து இஸ்திரி போட்டேன். அதற்கு யோசனை வேண்டாம் பாருங்கள்.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு பஸ் விடுதி வாசலில் நிற்குமாம். நடை முடிந்து விருந்தாளிகள் எல்லோரும் அந்த நேரத்தில் அங்கேதான் இருப்பார்களாம், தாளில் போட்டிருக்கிறது. நான் உங்களிடம் எதையும் கேட்கப்போவதில்லை. அவர்கள் எல்லோர் கண் முன்னாலும் பஸ் படிக்குப் பக்கத்தில் குடையோடு வந்து நில்லுங்கள். வெயில் அடித்தாலும் விரித்துப் பிடியுங்கள். அது போதும். தோள் நனைந்தால் சட்டையை நான் காயவைத்து இஸ்திரி போட்டுத் தருகிறேன், காலரோடு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மலைக் குளிர் உங்களுக்கு ஆகாது.

இப்படிக்கு,
படிவத்தில் எழுதியபடி உங்கள் மனைவி.

பி.கு.: பார்த்துப் பார்த்துப் படத்தாள் கசங்கிவிட்டது. நேராக்கலாம் என்று நேற்று மேசையில் விரித்து இஸ்திரி வைத்தபோதுதான் மேனேஜர் போன் வந்தது. பேசி முடிக்கும் வரை பெட்டி அதன் மேலேயே இருந்துவிட்டது. அந்த அம்மா இருந்த பக்கம் கருகிப்போனது. உங்களுக்கும் குடைக்கும் ஒன்றும் ஆகவில்லை.