கிணற்றுப் பங்கு இல்லாத வீடு

என்ரை சுகந்திக்கு,

உனக்குத்தான் முதலில் சொல்லவேண்டிய செய்தி. கோப்பாயில் உன்ரை வீடு விலைக்கு வந்திருக்கிறது. நீ கண்மூடி இரண்டாவது மாரிமழைகூட இன்னும் வரவில்லை. டொரொண்டோவிலிருந்து உன்ரை தம்பி நிரோசன் போன் எடுத்தான். "கௌரியக்கா, வெளியாக்களுக்குக் குடுக்க மனமில்லை. அக்கா இருந்திருந்தா உங்களுக்குத்தான் குடுக்கச் சொல்லியிருப்பா."

அந்த ஒரு சொல்லில் கரைந்துபோனேன்.

நாங்கள் இருக்கிற வாடகை வீட்டுச் சுவர் மழைக்கு ஊறும். ஊறினால் ஆதிரைக்கு இழுப்பு வரும். நாலு வயதுப் பிள்ளை நெஞ்சு குழிவிழ மூச்செடுக்கிறதைப் பார்த்துக்கொண்டு எத்தனை இரவுதான் குந்தியிருப்பது? இப்போதும் அவள் பக்கத்தில் இருந்துதான் எழுதுகிறேன். அவளுக்காகத்தான் யோசிக்காமல் ஆசைப்பட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தாயும் தகப்பனுமாக நானும் ரவியும் அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். ரவி நாடா பிடித்து ஒவ்வொரு அறையாக அளந்தார். கூரையில் சில வளைமரங்கள் உக்கிப் போயிருந்தன, மாற்றலாம். ஓடு நல்ல ஓடு. குசினிக்கும் சாமான் அறைக்கும் நடுவிலுள்ள சுவரை உடைத்தால் வெளிச்சம் வரும். நீ படித்த தெற்கு அறையை ஆதிரைக்கு என்று மனதுக்குள் ஒதுக்கியும்விட்டேன். அவள் விறாந்தையில் ஓடு ஓடென்று ஓடினாள். ஒருதரம்கூட இழுக்கவில்லை.

பக்கத்து வளவிலிருந்து உன்ரை சின்னம்மா எட்டிப் பார்த்தா. என் அம்மா, எங்கடை ஆக்களின் வழக்கப்படி, அவவை "நாச்சியார்" என்றுதான் கூப்பிடுவா. நான் உன்னைப் பார்த்து அவவைச் "சின்னம்மா" என்று கூப்பிடப் பழகியவள்.

"ஆர், கௌரியே? நல்லா மெலிஞ்சு போனாய், பிள்ளை. வீடு பாக்க வந்தனியளோ?"

"ஓம், சின்னம்மா."

"பாருங்கோ, பாருங்கோ. பழைய வீடு, உங்களுக்குச் சரிவராது. ரவுண் பக்கம் புதுசு புதுசாக் கட்டி விக்கிறாங்கள்."

"எங்களுக்கு இது பிடிச்சிருக்கு" என்றார் ரவி.

"பிடிக்கும் தம்பி. ஆருக்குத்தான் பிடிக்காது?" சிரித்துக்கொண்டுதான் சொன்னா.

இரண்டு நாள் கழித்து நிரோசன் திரும்ப எடுத்தான்.

"அக்கா, ஒரு சின்ன விசயம். வீடும் வளவும் உங்களுக்குத்தான். கிணறு பங்குக் கிணறுதானே, எங்கடை பங்கைச் சின்னம்மாவுக்கு எழுதிவிடுறன். நீங்கள் குழாய்க்கிணறு அடியுங்கோ. அதுதான் சுத்தம்."

"ஆருக்குச் சுத்தம், நிரோசன்?"

"ஐயோ அக்கா, நான் அந்தக் கருத்திலை சொல்லேல்லை. இப்ப ஆர் உதெல்லாம் பாக்கினம்? அவ வயசு போன மனுசி. ஏன் கரைச்சல் எண்டுதான்..."

ஓம், ஒருவரும் பார்ப்பதில்லை. உங்கள் வளவுப் பனைகளில் ஏறிச் சீவினவர் என் அப்பா. மரத்துக்கு எங்கள் கை வேணும், கிணற்றுக்கு வேண்டாம். அத்தனை பனிக்குள் போய் இருந்தும் உன்ரை தம்பிக்கு அது மறக்கவில்லை.

ரவிக்குக் கோபம் வரவில்லை. "தண்ணி எங்கையிருந்து வந்தா என்னப்பா? மோட்டரைப் போட்டுக் குழாயைத் திறந்துவிடுவம். பிள்ளையின்ரை மூச்சை யோசி" என்கிறார். அவர் சொல்வது பிழையா? பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் கூடக் கசக்கிறது.

சுகந்தி, உன்னிடமும் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. கம்பஸில் ஒன்றாகப் படித்த நாட்களில் உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கிணற்றடியில் என்னை வாளிக்கயிறு தொட விடமாட்டாய். "நீ இரடி, நான் அள்ளி ஊத்திறன்" என்பாய். நான் கையேந்திக் குடிப்பேன். என்னை இப்படித் தாங்க ஒருத்தி இருக்கிறாளே என்று எனக்குப் பெருமை. அம்மாவிடம் அதைச் சொன்ன அன்று அவ ஒன்றும் பேசாமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தா. அவ ஏன் பேசவில்லை என்று இந்தக் கிழமைதான் விளங்கியது.

நீ அள்ளித் தந்தது அன்பா, வழக்கமா? சின்னம்மாவின் வாயிலிருந்து என்னைக் காப்பாற்றினாயா, இல்லை, என்னிடமிருந்து கிணற்றையா? ஆஸ்பத்திரியில் உன் கடைசி நாட்களில் என் கையால்தான் தண்ணீர் குடித்தாய். அப்போது எனக்கு இந்தக் கேள்வியே தெரியாது. இப்போது கேட்டு என்ன?

அந்த வீட்டில் குடியேறினால் ஆதிரை கிணற்றடிக்கு ஓடாமல் இருப்பாளா? "நீ இரு பிள்ளை, நான் அள்ளித் தாறன்" என்று யாரோ அன்பாகச் சொல்லுவினம். அவளும் என்னைப்போலப் பெருமைப்படுவாள். அதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது.

விலகிக்கொள்ள எனக்கு ஒரு மரியாதையான காரணம் இருக்கிறது. "கூரை சரியில்லை, திருத்தக் கட்டுபடியாகாது" என்றால் போதும். நிரோசனுக்கு நிம்மதி, சின்னம்மாவுக்கும் நிம்மதி. வருகிற நல்லநாள் பெருநாளுக்கும் எல்லோரும் சிரித்துக் கதைக்கலாம்.

நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. காலையில் அவனுக்கு எடுத்து, கிணற்றுப் பங்கோடு எழுதினால் வாங்குகிறேன், இல்லையென்றால் வேண்டாம், காரணம் இதுதான் என்று வாய்திறந்து சொல்லுவேன். அவன் தரமாட்டான் என்று தெரியும். வேறு வீடு கிடைக்குமுன் மழை வந்து பிள்ளைக்கு இழுத்தால் அந்தப் பழியும் என் தலையில்தான். ரவி ஒன்றும் சொல்லமாட்டார், அதையும் சேர்த்துத்தான் சுமக்கவேண்டும்.

உன்னை வெறுக்கமாட்டேன் என்று இன்றைக்கு என்னால் வாக்குத் தர முடியாது. நாளைக்கு அவனிடம் கூரையைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கமாட்டேன். அந்த வாக்கை மட்டும் தருகிறேன்.

"பெரியம்மா எங்கை" என்று உன்னை இன்னமும் கேட்கிற பிள்ளையின் தாய்,
கௌரி