தொக்கண நிலையத்தில் கத்திய ஆள்

அனுப்புநர்
சி. சடையப்பன் (வயது 58),
படகு ஓட்டுபவர்,
பிச்சாவரம், சிதம்பரம் வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: பூட்டிச் சீல் வைத்த தொக்கண நிலையத்தைத் திறக்கவும், அங்கே கத்தியதாகத் தேடப்படும் நபரை மேற்கொண்டு தேடாமலிருக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முப்பது ஆண்டுகளாகச் சுரபுன்னைக் காட்டுக்குள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றித் துடுப்பு போடுகிறேன். இரண்டு தோளும் இறுகிப்போனதால், சிதம்பரத்தில் முறைப்படி படித்துச் சான்றிதழ் பெற்ற இளவரசு என்பவரின் நிலையத்தில் கடந்த மாதம் சேர்ந்தேன். முதல் ஏழு நாள் இடது தோள், அடுத்த ஏழு நாள் வலது தோள் என்று ஏற்பாடு.

2. தொக்கணம் என்பது எண்ணெய் பூசி உடம்பைப் பிடித்துவிடும் சித்த மருத்துவ முறை. இன்று நேற்று வந்ததல்ல. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என ஒன்பது வகை உண்டென்று அங்கே சுவரில் எழுதியிருக்கிறது. தசை இளகும், ரத்த ஓட்டம் சீராகும், நன்றாகத் தூக்கம் வரும் என்றும் இருக்கிறது. அனைத்தும் உண்மை. முறுக்கலைப் பற்றி மட்டும் முழுதாக எழுதவில்லை.

3. ஏழாம் நாள் முறுக்கலின்போது பலத்த சத்தம் எழுந்தது. யாரையோ அடைத்துவைத்து அடிக்கிறார்கள் என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் கண்ணாயிரம் நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்துவிட்டார். விசாரிக்க வந்த அலுவலர்கள், கத்தியது யார் என்று என்னிடம் கேட்டார்கள். வாசல் பெஞ்சில் என் மச்சான் செம்பியன் இருந்தார். அவரும் படகு ஓட்டுபவர்தான். வலியென்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது என்று அவரிடம் பல வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். ஆகவே, "நான் கத்தலீங்க, உள்ள வேற யாரோ கத்துனாங்க" என்று சொல்லிவிட்டேன். கத்தியது இவர்தான் என்று இளவரசு என்னைக் காட்டி எவ்வளவோ சொன்னார். என் உடம்பைப் பார்த்தவர்கள் அதை நம்பவில்லை.

4. அந்த ‘வேற யாரோ’ கிடைக்கும்வரை நிலையத்துக்குச் சீல். பதினெட்டு நாளாகத் தேடுகிறார்கள். மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் பார்த்தாயிற்று. இளவரசுவும், பெண்களுக்குப் பிடித்துவிடும் அவர் மனைவி சத்யப்பிரியாவும் பிழைப்பில்லாமல் நிற்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5. என் இடது தோள் இருபது வயதுக்குத் திரும்பிவிட்டது. வலது தோள் வரவில்லை. படகு ஒரு பக்கமாகவே திரும்புகிறது. போன ஞாயிறு ஒரு குடும்பத்துக்கு ஒரே மரத்தை நான்கு முறை சுற்றிக் காட்டினேன். அடுத்த மாதம் படகுத்துறையில் உடற்தகுதிச் சோதனை. இரண்டு கையும் தலைக்கு மேலே போகாவிட்டால் துடுப்பைத் தரமாட்டார்கள்.

6. ஐயா, கத்திய ஆள் நான்தான். ஏழு நாளும் கத்தினேன். சந்தேகமிருந்தால் தங்கள் அலுவலகத்திலேயே கத்திக் காட்டுகிறேன். பொய்க்கு உண்டான தண்டனையை எனக்குக் கொடுத்து, அந்த நிலையத்தைச் சோதனை நாளுக்கு முன் திறந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வலது கை மேசைமேல் ஏறாததால், நான் சொல்லச் சொல்ல இம்மனுவை எழுதித் தந்தவர் மேற்படி செம்பியன். வேறு ஆள் கிடைக்கவில்லை.

இடம்: பிச்சாவரம்
நாள்: 15.09.2025

இப்படிக்கு,
சி. சடையப்பன்
(இடது கையால் இட்ட கையொப்பம்)

சாட்சி: மேலே உள்ளது உண்மை. கத்தியது என் மச்சான் என்று எனக்கு அன்றே தெரியும். நான் அவருக்குத் துணையாக அங்கே போகவில்லை, என் முறைக்காகக் காத்திருந்தேன். முந்தின வாரம் அதே அறையில் நானும் கத்தியிருக்கிறேன்.
– செம்பியன்