உன் பிஸ்டன்களுக்குச் சேராத பிளாக்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் இருக்கிறோம். சின்னவனுக்கு மட்டும் இருமல், அதுவும் பகலெல்லாம் ஆட்டம் போட்டுவிட்டுப் படுத்த பிறகுதான் வரும், அவனோடு நானும் விழித்து விழித்துக் கண்ணெல்லாம் எரிகிறது. மற்றபடி சுகம்தான். நீ வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று உன் கையால் எழுதி வந்தால் அந்தச் சுகம் முழுசாகும். பதில் இவ்வளவு தாமதமானதற்குப் பள்ளிக்கூடத்து விடைத்தாள் கட்டு ஒரு காரணம், சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டது இன்னொரு காரணம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கு அழுகை வரும், விஷயம் பாதியில் நிற்கும். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகக் கடைசிவரை படி.

உன் பந்தயக் கார் இன்னும் அப்பாவின் ஷெட்டில் மரக்கட்டை மேல்தான் நிற்கிறது. என்ஜின் இருந்த இடம் பல் பிடுங்கிய வாய் மாதிரி காலியாக இருக்கிறது. போன பந்தயத்தில் கனெக்டிங் ராடு உடைந்து, என்ஜினின் உடம்பான பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்ததே, அந்த ஓட்டைக்கு ஒட்டுப்போட முடியுமா என்று அப்பா கொஞ்ச நாள் பார்த்தார், பிறகு தானே தலையில் அடித்துக்கொண்டு வேறு வண்டியின் பிளாக் தேடக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். பழைய வண்டி உடைக்கிற கடை, தரையெல்லாம் எண்ணெய், ஒவ்வொரு அடிக்கும் செருப்பு ஒட்டி ஒட்டி வருகிறது. கடைக்காரர் எல்லாரையும் மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவர், பேச்சு வேகத்தில் என்னையும் மாப்பிள்ளை என்று கூப்பிட்டுவிட்டு அவரே வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டார். அப்பா வழக்கம்போல ஒவ்வொரு என்ஜினிலும் எண்ணெய் மூடியைத் திறந்து, தண்ணீர் கலந்து வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பதும், பெரிய ஸ்பானரைப் போட்டுச் சுற்றிப் பார்ப்பதுமாக ஒரு முழுப் பகலைக் கழித்தார். கடைசியில் பின்னால் இடிபட்ட ஒரு குடும்ப வண்டியின் என்ஜின் கிடைத்தது. மேல்மூடியைக் கழற்றி சிலிண்டருக்குள் நகத்தை வைத்து இழுத்தார், தேய்மானத்தின் விளிம்பே நகத்தில் தட்டவில்லை. சும்மா உள்சுவரை மெல்லிசாகக் குடைந்து போர் போட்டால் போதும், பெரிய அளவெல்லாம் வேண்டாம், முதல் அளவு பிஸ்டனே சேரும் என்று சொல்லி, வரும் வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். உன் விபத்துக்குப் பிறகு அவர் சீட்டியடித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகுதான் உன் பார்சல் வந்தது. நாலு பிஸ்டன், இருப்பதிலேயே பெரிய அளவு, அப்பாவுக்குத் தெரியாமல் வாங்கி அனுப்பி அவரைத் திகைக்க வைக்க வேண்டும் என்று நினைத்தாய். திகைத்துத்தான் போனார். பிளாக் கையில் வந்து, போர் எந்த அளவு தாங்கும் என்று பார்த்த பிறகுதானே பிஸ்டன் வாங்குவது, அதே தப்பைச் செய்துவிட்டு வருகிற வாடிக்கைக்காரர்களை அவர் எப்படி வாங்கு வாங்கு என்று வாங்குவார், கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவியா என்று கேட்பாரே, நீயே பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறாய். உன் பெட்டிக்கு அந்தத் திட்டெல்லாம் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அதை எடுத்து வைத்துத் துடைப்பது, என் சமையல் தராசில் ஒவ்வொன்றாக நிறுப்பது. நாலும் ஒரே எடை, பார் பிள்ளை எப்படிப் பார்த்து வாங்கியிருக்கிறாள் என்று என்னிடம் காட்டுவது. சின்னவன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குடித்துப் பார்த்தான், அதற்குக்கூடத் திட்டு விழவில்லை. நல்ல பிளாக்கை அந்த அளவுக்குக் குடைந்தால் சுவர் தாங்காது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, உன் பிஸ்டனுக்குப் பொருந்துகிற வேறு பிளாக்கைத் தேடி அலைய ஆரம்பித்தார்.

கிடைக்கவும் கிடைத்தது. யாரோ பந்தயத்துக்கென்று ஏற்கெனவே குடைந்து, பிறகு கைவிட்ட பிளாக். உன் பிஸ்டன் அதில் சொல்லிவைத்த மாதிரி உட்காருகிறது. இரண்டு பிளாக்கையும் போரிங் பட்டறையில் இறக்கினோம். அந்தப் பட்டறைக்காரரைத்தான் உனக்குத் தெரியுமே, மைக்ரான் என்று நீ பேர் வைத்தவர், இப்போது ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது, உன்னைப் பார்த்தால் காதைத் திருகப் போவதாகச் சொல்லச் சொன்னார். அவர் சுவரின் கனம் பார்க்கும் கருவியை வைத்துச் சுற்றிச் சுற்றி அளந்தார். நான் பக்கத்தில் நின்று எண்களை எழுதினேன். மற்ற சிலிண்டரெல்லாம் ஒரு மாதிரி இருக்கிறது, மூன்றாவதில் ஒரு பக்கம் மட்டும் பாதிகூட இல்லை. கருவி தப்பாகக் காட்டுகிறதோ என்று நானே வாங்கி, கருவி ஒட்டுவதற்குச் சுவரில் தடவியிருந்த களிம்பைத் துடைத்துப் புதிதாகத் தடவி வைத்துப் பார்த்தேன். அதே எண். வார்க்கும்போதே உள் அச்சு நகர்ந்திருக்கும், அது யார் தப்பும் இல்லை. உள்ளே சிலீவ் என்கிற இரும்புக் குழாயை இறக்கிச் சரிசெய்யலாம் என்று அப்பா சொன்னார். கடைத்தெருவுக்குப் போய்வர என்றால் போடுகிறேன், பெண்பிள்ளை முழுவேகத்தில் மிதிக்கிற வண்டிக்கு என்றால் என் கை வராது அண்ணே என்று மைக்ரான் சொன்னார். பார்க்கலாம் என்றார் அப்பா. அவர் பார்க்கலாம் என்று சொன்னால் செய்யத்தான் போகிறார் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன தடவை எண்ணெய் கொட்டிப் பின்சக்கரத்தில் பட்டு, நீ சுழன்று சுழன்று போனதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவள் நான். நீ இறங்கி வந்து, தோள்பட்டையில் சிராய்ப்புதான் அம்மா என்று சிரித்தாய். எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் ஆறவில்லை. விடுமுறைக்கு வந்ததும் ஓட்டுவேன் என்று பந்தயத்துக்குப் பேரும் கொடுத்துவிட்டாய். ஓட்டாதே என்று சொன்னால் கேட்கிற பிள்ளையா நீ. உன்னைப் பெற்றபோது எனக்கே உன் வயசு இல்லை, உன்னை அதட்டவும் நான் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை மைக்ரான் வீட்டுக்குப் போன் செய்தார். மிஷின் காலியாக இருக்கிறது, அண்ணன் போனை எடுக்கவே மாட்டேன் என்கிறார், எந்த பிளாக்கை ஏற்றட்டும் அக்கா என்று கேட்டார். அப்பா யாரோ ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நல்லதை ஏற்றுங்கள், முதல் அளவுக்குப் போர் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். சத்தம் போடுவார் என்று சின்னவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. குழாயடியில் நின்று ரொம்ப நேரம் கை கழுவினார், அழுக்கெல்லாம் போன பிறகும் கழுவினார். பிறகு, நல்ல பிளாக்தான், என்று மட்டும் சொன்னார். படுக்கும்போது, பிள்ளையிடம் யார் சொல்வது என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். உடனே தூங்கிவிட்டார். எத்தனை நாள் தூக்கமோ.

அதைத்தான் சொல்லிவிட்டேன். நீ ஆசையாக வாங்கியது இந்த வண்டிக்கு ஆகாது. கோபம் வரும், வந்தால் என்னைக் கூப்பிட்டுத் திட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவிடம் மன்னிப்பெல்லாம் கேட்டு அவரைக் கலங்க வைக்காதே. மைக்ரான் சிலிண்டரின் கடைசி இழைப்பை மட்டும் விட்டு வைத்திருக்கிறார், புது பிஸ்டன் கையில் வந்து அதை அளந்த பிறகுதான் இழைப்பாராம். வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, ராத்திரி கதவைத் தாழ் போட்டாயா என்று ஒருமுறை திரும்பிப் போய்ப் பார். எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும், நான் கேட்பதெல்லாம் அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவுக்குப் போன் செய். வேறு எதுவும் பேச வேண்டாம், பிஸ்டன் என்ன அளவு வாங்கட்டும் அப்பா என்று கேள்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா