கோதுமை போர்பனும் மூன்றாவது குப்பியும்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் லேசான தூறல். கம்பெனிக்கு மிளகாய் லோடு இரண்டு, மல்லி ஒன்று. மல்லியில் ஈரம், திருப்பி அனுப்பியாயிற்று. மிளகாய் நெடி மூக்கை விட்டுப் போகாமலே கப்பலூரிலிருந்து நேராக ஏர்போர்ட்.

தம்பி கண்ணன் வந்துவிட்டான், ஆறு வருடம் கழித்து. தனியாக. பெண்டாட்டி பிள்ளைகளுக்கு லீவு கிடைக்கவில்லையாம். ஜூனில் அமெரிக்காவில் பள்ளிக்கூடம் லீவுதானே? கேட்கவில்லை.

பெட்டியைத் திறந்தான். எனக்குக் கைப்பை, என் வீட்டுக்காரருக்குச் சட்டை. பிறகு துண்டில் சுற்றிய ஒரு பாட்டில்.

"அக்கா, இது உனக்கு."

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இந்த வீட்டுக்குள் பாட்டில் வருவது இதுதான் முதல் தடவை. "என்ன மாப்ள, அக்காவுக்கு விஸ்கியா?"

"குடிக்க இல்ல மச்சான். மோந்து பாக்க."

கண்ணனுக்கு அமெரிக்காவில் கென்டக்கி பக்கம் ஒரு விஸ்கி ஆலையில் வேலை. பீப்பாய் பீப்பாயாக முகர்ந்து, எது தேறும் எது தேறாது என்று சொல்கிற குழுவில் ஒருவன். நான் மசாலா கம்பெனியில் தரம் பார்க்கிறவள். "ரெண்டு மூக்கைப் பெத்து விட்டுருக்கேன்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்வாள்.

நாளை: பால் கார்டு, இவருக்கு பி.பி. மாத்திரை, கண்ணனுக்குத் தலையணை.

ஜூன் 4, புதன்

சாயங்காலம் பாட்டிலைத் திறந்தான். போர்பன் என்று பெயர். மக்காச்சோளம்தான் பெரும்பங்கு. அதோடு சாதாரணமாகக் காரமான ஒரு தானியம் சேர்ப்பார்களாம். இதில் அதற்குப் பதில் கோதுமை, அதனால் சாது. உள்பக்கம் தீயில் கருக்கிய புது மரப் பீப்பாயில் பதினைந்து வருடம் கிடந்திருக்கிறது. பாதிக்கு மேல் காற்றோடு போய்விடுமாம். மிச்சம்தான் இது.

துலிப் பூ மாதிரி இரண்டு சின்னக் கண்ணாடி டம்ளர், அவனே கொண்டுவந்தது. "வாயை லேசா தொறந்துக்க. மூக்கை உள்ள விடாத. இம்புட்டுத் தள்ளி வச்சு இழு."

முதலில் ஆஸ்பத்திரி. ஊசி போடுமுன் தடவுகிற பஞ்சு. வைத்துவிடலாம் என்று நினைத்தேன். சொட்டுத் தண்ணீர் விட்டான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி.

அப்போது வந்தது. கோதுமை அல்வா கிண்டும்போது சட்டியை விட்டுத் திரண்டு நெய் கக்குமே, அந்த நேரத்து வாசம். பின்னாலேயே கருப்பட்டிப் பாகு. காய்ந்த ஆரஞ்சுத் தோல். ஒரே ஒரு கிராம்பு. எல்லாவற்றுக்கும் அடியில், ரொம்ப நாள் பூட்டியிருந்த மர பீரோ.

சொல்லச் சொல்ல கண்ணன் போனில் குறித்துக்கொண்டான். "அப்பறம்? கிராம்பு முன்னாடி வருதா, பின்னாடி வருதா?"

"நீதானடா இதுல பெரிய ஆளு, நீயே சொல்லேன்."

"நீ சொல்லுக்கா."

நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். சுட்டது. பிறகு சூடு இனிப்பாகி மெதுவாகத் தொண்டையில் இறங்கி, போகவே மாட்டேன் என்று நின்றது. எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கலாமா? இரண்டு தடவை பல் விளக்கினேன். அப்போதும் இருந்தது. இவரிடம், "ஒண்ணுமில்ல, கசப்பு" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

நேற்று எழுதவில்லை. கம்பெனியில் ஆடிட்.

இன்று கண்ணன் மூன்று சின்னக் குப்பிகளை எடுத்து வைத்தான். 1, 2, 3 என்று ஒட்டியிருந்தது. மூன்று பீப்பாயின் சாம்பிள். பதினெட்டு வருடச் சரக்கு. மூன்றில் ஒன்றை மட்டும் தனியாக பாட்டிலில் அடைக்கப் போகிறார்கள். எது என்று சொல்ல வேண்டியது இவன் பொறுப்பு.

"சொல்லிட்டேன்கா. மூணாவது. சும்மா நீயும் பாரு."

ஒன்று: மரம் அதிகம், துவர்ப்பு. இரண்டு: அப்பா! வறுத்த கோதுமை, பேரீச்சம்பழம், தேன். கையிலிருந்து வைக்க மனசில்லை. மூன்று: நனைந்த சாக்கு.

சந்தேகமாகி ஜன்னல் பக்கம் போய் மூக்கைக் காற்றில் விட்டு வந்து மறுபடி பார்த்தேன். நனைந்த சாக்குதான். பூஞ்சை பிடித்த மஞ்சள் மூட்டை. கம்பெனிக்கு வந்தால் லாரியை விட்டு இறக்கவே விடமாட்டேன்.

"சாக்கு வாடை அடிக்குதுடா."

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. "அது... பழைய மரத்து வாசம். அப்படித்தான் இருக்கும்."

இருக்கலாம். கருவாட்டு வாசம் தெரியாதவனுக்கு அது அழுகல்தானே. விஸ்கியில் சாக்கு வாடை உசத்தியோ என்னவோ. என் மூக்கா, அவன் படிப்பா? பாத்திரம் கழுவும்போதெல்லாம் இதே யோசனை. ஒரு தட்டை இரண்டு தடவை கழுவியிருக்கிறேன்.

ஜூன் 7, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

மத்தியானம் கரண்ட் இல்லை. சாம்பாருக்குக் கட்டிப் பெருங்காயம் ஊறப் போட வேண்டும், பக்கத்தில் இருந்தது கண்ணனின் துலிப் டம்ளர். அதிலேயே போட்டு மேசையில் வைத்துவிட்டேன். கரைந்த தண்ணீர் அரை இருட்டில் பார்க்க விஸ்கி நிறம். கண்ணன் வந்து உட்கார்ந்தான். இவரோடு பேசிக்கொண்டே டம்ளரை எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணை மூடி ஆழமாக இழுத்தான்.

"காத்துல வச்சதும் இனிப்பு மேல வந்துருச்சு, பாத்தியாக்கா."

இவர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். வாசற்படி வரைக்கும் பெருங்காய நெடி. நான் சிரிக்கவில்லை. கண்ணன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு டம்ளரை.

"என்னக்கா இது?"

"பெருங்காயம்டா."

டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான். இவர் எழுந்து வெளியே போய்விட்டார். நல்ல மனுஷன்.

போன வருடம் ஒரு காய்ச்சல். எழுந்து குடித்த காபி வெறும் சுடுதண்ணீராக இருந்ததாம். வாசம் வந்துவிடும் வந்துவிடும் என்று காத்திருக்கிறான். வரவில்லை. டாக்டரும் சொல்ல முடியாது என்கிறார். ஆலையில் யாருக்கும் தெரியாது. பெண்டாட்டி சொல்லிவிடு என்கிறாள், இவன் மாட்டேன் என்கிறான். அந்தச் சண்டையில்தான் தனியாக வந்திருக்கிறான்.

"பக்கத்துல உள்ளவன் வனிலான்னா நானும் வனிலாம்பேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கலக்கா."

"அப்ப மூணாவது?"

"அதான் நல்லா கருஞ்செவப்பா இருந்துச்சு."

நான் அழுதேன். அவன் அழவில்லை. பிறகு கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டாவதுன்னு மாத்தி அனுப்பிரவாக்கா? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். யாருக்குத் தெரியப் போகுது?" என்றான்.

சரி என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் இன்றோடு முடிந்திருக்கும். "அடுத்த பீப்பாய்க்கு யாருகிட்ட கேப்ப?" என்றேன். மாடிக்குப் போய்விட்டான்.

நான் கேட்டது சரியா? வேலை போனால் வீடு, பிள்ளைகள், விசா எல்லாம் என்ன ஆகும்? தெரியவில்லை. சாம்பார் அப்படியே இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

நேற்று முழுக்கக் கண்ணன் ஊரில், எழுமலையில், அம்மாவிடம். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லையாம். ஒரு வாரத்துக்கு வேண்டிய சோற்றைத் தின்றுவிட்டு வந்திருக்கிறான். "எல்லாம் அட்டை மாதிரி இருக்கு. புளிப்பு மட்டும் தெரியுது. ரசம் இருந்தா குடு."

ரசம் குடித்துவிட்டு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். ஆலையில் அவர்களுக்கு அப்போதுதான் காலை. அடுப்படி ஜன்னலில் பாதி கேட்டது. "ஐ காண்ட் ஸ்மெல், மேடம்" என்றான். அதையே இன்னொரு தடவை சொன்னான். ஒரு பைக் போனது. காய்கறி வண்டி போனது.

உள்ளே வந்தான்.

"என்னடா சொன்னாங்க?"

"மூணாவது பீப்பாயத் தனியா ஒதுக்கி வைக்கச் சொல்லிட்டாங்க. மத்தவங்க மறுபடி பாப்பாங்களாம்."

"உன்னைப் பத்தி?"

"தேங்க்யூன்னாங்க."

தேங்க்யூ என்றால் என்ன அர்த்தம்? இவரைக் கேட்டேன். "தேங்க்யூன்னா தேங்க்யூதான்" என்கிறார். ஆபீஸ் தேங்க்யூவில் எத்தனை வகை இருக்கிறது என்று இவருக்குத் தெரியாதா.

ஜூன் 11, புதன்

கண்ணன் கிளம்பிவிட்டான். புளியோதரை கட்டிக் கொடுத்தேன். ஏர்போர்ட்டில், "வாரேன்கா" என்றான்.

பாட்டில் பீரோவில், புடவைக்குப் பின்னால். இவர் இன்று கேட்காமலே திறந்து முகர்ந்து பார்த்திருக்கிறார். "மரக்கடை வாசம் அடிக்குது. நீ எப்படி அம்புட்டுச் சொன்ன?" கொஞ்சம் ஊற்றி, எப்படி இழுக்க வேண்டும் என்று காட்டினேன். மூன்றாம் தடவை, "அட, ஆரஞ்சு!" என்றார். இந்த வயதில் இரண்டு பேரும் பட்டப்பகலில் விஸ்கியை முகர்ந்துகொண்டு. சிரிப்பாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது. யாருக்குப் பாவம் என்று தெரியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

சீரகம் லோடு நன்றாக இருந்தது. கேஸ் புக் செய்ய வேண்டும்.

கண்ணன் போன். வேலை போகவில்லை. முகர்கிற குழுவிலிருந்து எடுத்துவிட்டு, பீப்பாய் அடுக்கியிருக்கும் கிட்டங்கிக்கு மாற்றிவிட்டார்கள். ஏழு மாடி உயரம், லிப்ட் கிடையாது. ஒழுகுகிறதா, எந்த மாடியில் சரக்கு சீக்கிரம் விளைந்து பக்குவமாகிறது என்று பார்க்க வேண்டும். பெண்டாட்டி பேசுகிறாளாம்.

"சந்தோஷமா இருக்கியாடா?"

"தெரியலக்கா."

படி ஏறிக்கொண்டே பேசினான், மூச்சு வாங்கியது. கீழ் மாடிப் பீப்பாய்கள் குளிர்ச்சியில் மெதுவாகத்தான் விளையும், மேலே போகப் போக வேகம் என்றான். "ஒவ்வொரு மாடிக்கும் தோல்ல வித்தியாசம் தெரியுதுக்கா. எம்புட்டுச் சூடுன்னு மீட்டர் பாக்கறதுக்கு முன்னாடியே சொல்லிருவேன்."

"எங்க, சொல்லு பாப்போம்."

"இரு." காலடிச் சத்தம் நின்றது. பீப்பாயில் கை வைத்திருப்பான் போல. பிறகு ஒரு நம்பர் சொன்னான். மீட்டரைப் பார்க்கப் போனான்.