மெய்க்கீர்த்தி வாசித்த வேளையில் அசைந்த கயிறு

மழை பிழையாதிருக்க, மலைச்சுனைகள் வற்றாதிருக்க. மேலைக்குன்ற நாட்டை அறம் வழுவாது காத்துவரும் கோமகனார், தேன்வரைக்கு உரியவர், கணவாய்களின் காவலர், தஞ்சம் என்று வந்தவரைத் தள்ளாத குடியில் பிறந்தவர் ஆகிய மன்னர் குன்றவேள் அவர்களின் திருச்சமுகத்துக்கு, பவழத்துறை நாட்டு அரசி நங்கைமாதேவியாரின் கட்டளைப்படி, திருவோலை நாயகம் பெருங்கூத்தன் பணிந்து எழுதும் ஓலை. தங்கள் அரண்மனையிலும் மலையடிவாரத்துக் குடிசைகளிலும் உள்ளோர் அனைவரும் நலமுடன் இருக்க எங்கள் அரசியார் வேண்டுகிறார்.

எங்கள் அரசியாரின் பட்டங்கள் எதுவும் இவ்வோலையில் இல்லை. இதை அடியேனின் மறதி என்றோ, தங்கள் நாட்டுக்குச் செய்த அவமதிப்பு என்றோ கொள்ள வேண்டா. எழுதலாகாது என்பது அரசியாரின் ஆணை. காரணம் கீழே வருகிறது.

சென்ற திங்களில் எங்கள் மந்திரி சபை தங்களுக்கு ஓர் ஓலை அனுப்பியது. வலம்புரி என்னும் பதினாறு வயதுப் பெண் பழுதான கருவி ஒன்றைச் செய்து தன் தந்தையின் உயிரைப் போக்கினாள் என்றும், அரசியின் புகழுரையாகிய மெய்க்கீர்த்தி வாசிக்கப்படுகையில் கூச்சலிட்டாள் என்றும், தங்கள் எல்லையில் அகப்பட்டால் விலங்கிட்டு அனுப்ப வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கும். அவளும் அவள் தாயும் தங்கள் கணவாய்க் கோட்டையில் காவலில் இருப்பதாகவும், எங்கள் ஆட்கள் வந்ததும் ஒப்படைப்பதாகவும் தாங்கள் மறுமொழி விடுத்தீர்கள். ஒப்படைக்க வேண்டா. அந்த ஓலை பொய். நடந்ததை இனி எழுதுகிறேன்.

வலம்புரி, முத்துக்குளிக்கும் சுறவனின் ஒரே மகள். எங்கள் கடற்கரைக் கல்விச்சாலையில் மேல்வகுப்பு மாணவி. அச்சாலையில் ஆண்டுதோறும் புதுவினைத் திருநாள் நடைபெறும். மேல்வகுப்புப் பிள்ளைகள் தாமே சிந்தித்துச் செய்தவற்றையும், ஆசையோடு தேடிக் கற்றவற்றையும் ஊரார் முன் வைப்பார்கள். இவ்வாண்டு காற்றில் தானே சுழன்று ஈ ஓட்டும் கருவாட்டுப் பந்தல் ஒன்று வந்தது. கரைக்கு வரும் பறவை அத்தனையின் குரலையும் சீழ்க்கையில் அழைக்கும் பெண் ஒருத்தி வந்தாள். காரி என்னும் மாணவன் விடியற்காலையில் உறங்குபவன் முகத்தில் தண்ணீரைக் கொட்டி எழுப்பும் நாழிகை வட்டில் ஒன்றைச் செய்திருந்தான். இவனை அந்த வட்டிலுக்கு அடியிலேயே கட்டிப்போட வேண்டும் என்று உடன் படிப்பவர்கள் அவனை ஓட ஓடக் கேலி செய்தார்களாம்.

வலம்புரி செய்தது மூச்சுப்பை. கரையோரத்துச் சிப்பிகள் தீர்ந்துவிட்டதால் அவள் தந்தை ஆண்டுக்கு ஆண்டு ஆழமாக இறங்க வேண்டியிருந்தது. சிறுமியாக இருந்த நாள்முதல், அவர் மூழ்கும்போதெல்லாம் அவளும் கரையில் நின்று தன் மூச்சை அடக்கிக்கொள்வாளாம். முன்பெல்லாம் அவள் மூச்சு முட்டும் வேளைக்கு அவர் தலை வெளியே தெரியும். பின்னாளில் அவள் தோற்று, மூச்சை விட்டு, மறுபடி இழுத்து, மறுபடி விட்ட பிறகும் தண்ணீர் மூடியே கிடந்தது. இரவுச் சோற்றின்போது அவர் இருமினால் வாயைப் பொத்திய துணியை மகளுக்குக் காட்டாமல் மடித்துக்கொள்வார்; அவள் அதைப் பார்த்துவிட்டதைக் காட்டாமல் சோறு பிசைவாள்.

வீட்டில் தண்ணீர் வைக்கும் நல்ல தோற்பையைத்தான் அவள் முதலில் வெட்டினாள். இனி நாம் உள்ளங்கையில் ஏந்தித்தான் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று தாய் மயிலாள் ஏசினாள். ஏசிய வாயோடு அவளே குங்கிலியம் காய்ச்சித் தையல்களின் மேல் பூசிக் கொடுத்தாள். பைக்குள் காற்றை அடைத்து, வாயில் கவ்வ மூங்கில் குழல் பொருத்தி, பை மேலே மிதந்துவிடாதபடி இடையில் கற்களைக் கட்டுவது அவள் கண்ட முறை. அதை அணிந்தவர் அடியில் இருந்தபடியே சில மூச்சு வாங்கலாம். ஆனால் அக்கற்களோடு அவரால் தாமாக மேலே வர முடியாது. காற்று தீரும் முன் அவர் கயிற்றை அசைப்பார். அசைந்த கணமே மேலிருப்பவர் இழுத்தாக வேண்டும்.

எங்கள் துறையில் முத்துக்குளிப்பவனின் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானே பிடிப்பான். உடன்பிறந்தாளின் தாலி தன் கையில் இருப்பதால் அவன் கண் அயரமாட்டான் என்பது முறையின் கருத்து. சுறவனுக்குக் கயிறு பிடித்தவன் மயிலாளின் அண்ணன் தோணியன். உன் பை பழுதானாலும் என் கை பழுதாகாது, மருமகளே என்று அவன் வலம்புரியைச் சீண்டுவானாம். உம்முடைய கையை நம்பித்தானே மாமா, கல்லைக் கட்டுகிறேன் என்று அவள் திருப்பிச் சொல்வாளாம். மூவருமாகப் பலமுறை கடலில் சோதித்தார்கள், ஒருமுறையும் தவறவில்லை. புதுவினைத் திருநாளில் யார் அணிந்து காட்டுவது என்று ஆசிரியர் கேட்டபோது, என் மகள் அடைத்த மூச்சை நான் குடிக்காமல் வேறு எவன் குடிப்பான் என்று சுறவன் மார்தட்டினார்.

பிள்ளைகளில் சிறந்த வேலை அவளுடையது என்று முடிவானதால், அதை அரசியாரின் படகிலிருந்து காட்டச் சபை ஏற்பாடு செய்தது. அப்போதுதான் கேடு நுழைந்தது. அரசியார் முன்னிலையில் நடக்கும் செயலில் அரச குடும்பத்தின் கை பட வேண்டும் என்று மந்திரிமார் கூறி, கயிற்றை இளவரசர் மாந்தரனிடம் கொடுத்தார்கள். தோணியனுக்குப் பட்டும் தாம்பூலமும் அளித்துக் கரைக்கு அனுப்பினார்கள். அவன் பட்டைத் தோளில் போட்டுக்கொள்ளாமல் கையில் பிடித்தபடியே இறங்கிப் போனதைப் பலரும் கண்டிருக்கிறார்கள்.

வலம்புரி இளவரசரை வணங்கி, கயிறு அசைந்தால் உடனே இழுக்க வேண்டும், அதற்குள் வேறு எதுவும் செய்யலாகாது என்றாள். அவர் சிரிக்கவில்லை, அலட்சியமும் செய்யவில்லை. அவள் சொன்னதைத் தாமும் ஒருமுறை சொல்லிக் காட்டினார். இறங்கும் முன் சுறவன் மகளின் கன்னத்தைத் தட்டி, இன்று நீ மூச்சடக்க வேண்டாம், தாராளமாக விடு என்றார்.

பை குறைவின்றி வேலை செய்தது. எந்த மனிதனும் இருந்திராத நேரம் சுறவன் அடியில் இருந்தார். கரையில் ஆரவாரம் எழுந்தது. மகிழ்ச்சி தாளாமல் அவைப்புலவர் எழுந்து, இவ்வதிசயம் அரசியாரின் பெருமையால் நிகழ்ந்தது என்று அறிவித்து, மெய்க்கீர்த்தியைத் தொடங்கினார்.

எங்கள் நாட்டு வழக்கம் தாங்கள் அறியாதது, சொல்கிறேன். மெய்க்கீர்த்தி தொடங்கினால் நின்றவர் நின்றபடியும் இருந்தவர் இருந்தபடியும் அசையாது கேட்க வேண்டும். அழும் குழந்தையைத் தாய் தூக்குவதும் அப்போது கூடாது. இளவரசர் நடை பழகும் முன்பே இதில் பழக்கப்பட்டவர். சிறு வயதில் தேள் கொட்டியும் கடைசி அடி முடியும்வரை அவர் அசையாதிருந்தார் என்று அரண்மனையில் பெருமையோடு சொல்லி வந்தோம்.

கயிறு அசைந்தது. வலம்புரி அதைக் கண்டாள். இளவரசரின் முகத்தைப் பார்த்தாள். அவர் உள்ளங்கைக்கு அது தெரிந்துவிட்டதென்று அந்த முகத்திலேயே அறிந்தாள். ஆனால் அந்தக் கை அசையவில்லை. இழுங்கள் என்று அவள் கத்தினாள். காவலன் ஒருவன் அவள் வாயைப் பொத்தினான். கயிறு மறுபடி அசைந்தது, இம்முறை வலுவாக. புலவர் அப்போது வெற்றிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்; சென்ற ஆண்டு நாங்கள் புதிதாகச் சேர்த்த அடிகளும் இருந்தன. மூன்றாம் முறை கயிறு மெல்ல நடுங்கியது. ஆழ்கடலும் அஞ்சி உயிரைத் திருப்பித் தரும் அருளுடையாள் என்ற அடியைப் புலவர் இசையோடு நீட்டிப் பாடியபோது, கயிறு தளர்ந்தது.

வலம்புரி காவலனின் கையைக் கடித்து விடுவித்துக்கொண்டு கடலில் குதித்தாள். கற்களோடு தந்தையைத் தூக்க அவளால் இயலவில்லை. பையையும் கற்களையும் அவர் உடலோடு பிணைக்கத் தான் தைத்த வாரை, தன் தாய் குங்கிலியம் பூசிய அந்த வாரின் தையலை, சிப்பி பிளக்கும் கத்தியால் அவளே அறுத்து அவரை மேலே கொண்டுவந்தாள். அப்போது மெய்க்கீர்த்தி முடிந்து முரசு முழங்கிக்கொண்டிருந்தது. முரசடிப்பவன் படகின் மறுபுறம் நின்றதால், அது நிற்கவும் சற்று நேரமாயிற்று.

சுறவனைப் படகின் விளிம்பில் கிடத்திய பின்பும் அவள் அழவில்லையாம். அவர் மூக்கின் அருகே தன் கன்னத்தை வைத்து நெடுநேரம் காத்திருந்தாளாம்; தன் மூச்சையும் அடக்கிக்கொண்டுதான் காத்திருந்தாள் என்று, கரையிலிருந்து நீந்தி வந்து சேர்ந்த தோணியன் சொல்கிறான்.

அன்று மாலையே சபை கூடி, பை பழுதானது என்று தீர்மானித்தது. இளவரசரின் கை பிழைத்தது என்று எழுத எவருக்கும் துணிவில்லை. மெய்க்கீர்த்தி குற்றம் என்று நினைக்கவும் எவருக்கும் தோன்றவில்லை. அந்தத் தீர்மானத்தையும் தங்களுக்கு வந்த ஓலையையும் எழுதிய கை அடியேனுடையது. ஈமக்கடன் முடித்த ஈரப் புடவையோடு மயிலாள் மகளை அழைத்துக்கொண்டு தங்கள் மலைக்கு வந்தாள்.

உண்மை இரண்டு வழிகளில் வெளிவந்தது. கடலடியில் கிடந்த பையைத் தோணியன் எடுத்துவர, காரி அதைச் சபைக்குக் கொண்டுவந்து, அறுந்த வாரைக் கட்டி, காற்றை அடைத்து, மந்திரிமார் முன் ஒரு தொட்டி நீரில் அமிழ்த்திப் பிடித்தான். ஒரு குமிழியும் எழவில்லை. எங்கே பழுது என்று ஐயாமார் விரல் வைத்துக் காட்டினால், நாங்களும் படித்துத் தெரிந்துகொள்வோம் என்று அவன் கேட்டதை, பணிவான சொற்களில் கேட்டதாகவே குறித்துவைத்தோம்; அவன் குரல் அப்படி இருக்கவில்லை. மறுநாள் மாணவர்கள் தங்கள் வேலைகளையெல்லாம் கல்விச்சாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பந்தல் பிரிக்கப்பட்டது. பறவைகளை அழைத்த பெண் இப்போது சீழ்க்கை அடிப்பதில்லை.

இளவரசர் பல நாள் வாய் திறக்கவில்லை. ஒரு காலை, அவையில் மெய்க்கீர்த்தி நடந்துகொண்டிருக்கையில், அவர் எழுந்து நடந்துபோய்ப் புலவரின் கையிலிருந்த ஏட்டை மூடினார். பை பழுதில்லை, கயிறு மூன்று முறை என் கையில் அசைந்தது, மூன்று முறையும் நான் அறிந்தேன் என்றார். பின்பு தம் உள்ளங்கையை எல்லோருக்கும் காட்டினார். அதில் கயிறு இழுத்த காயம் ஏதும் இல்லை. அதைத்தான் அவர் காட்டினார்.

அரசியார் அடியேனை அருகில் அழைத்தார். பின்னர், நானும் அக்கயிற்றைக் கண்டேன், நான் ஒரு விரலை உயர்த்தியிருந்தால் புலவர் நிறுத்தியிருப்பார், அந்த அடிகள் என் செவிக்கு இனிமையாக இருந்தன, இதையும் எழுது என்று அடியேனைப் பணித்தார். எழுதலாமா என்று அடியேன் தயங்கினேன். உன் தயக்கத்தால் ஏற்கெனவே ஓர் ஓலை பொய்யாயிற்று என்றார். எழுதிவிட்டேன்.

ஆகவே அரசியாரின் கட்டளையும் வேண்டுகோளும் இவை. வலம்புரி குற்றமற்றவள். அவளையும் தாயையும் இவ்வோலை கண்டவுடன் காவலிலிருந்து விடுவித்து, அவர்கள் விரும்பும் இடத்தில் இருக்கச் செய்ய வேண்டும். அவர்கள் திரும்பி வருமாறு எவரும் வற்புறுத்தலாகாது. எங்கள் அரசியாரின் பெயரைச் சொல்லியும் வற்புறுத்தலாகாது. தாம் நேரில் வந்து வலம்புரியின் காலில் விழ வேண்டும் என்று இளவரசர் கேட்டார். அவள் முகம் பார்க்கச் சம்மதித்தாலன்றி எல்லை தாண்டலாகாது என்று அரசியார் தடுத்திருக்கிறார். எங்கள் துறையில் இனி மனைவியின் உடன்பிறந்தானன்றி எவரும், அரசரேயாயினும், கயிறு தொடலாகாது. எங்கள் நாட்டில் இனி மெய்க்கீர்த்தி இல்லை.

இவ்வோலையைக் கொண்டுவருபவன் தோணியன். அவன் கையில் மூச்சுப்பையும் இருக்கிறது. அதை வலம்புரியிடம் சேர்ப்பதா, மலையிலேயே எரித்துவிடுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை; அவளைக் கேட்டுச் செய்க. அறுந்த வாரை மட்டும் தைக்காமலே அனுப்பியிருக்கிறோம். அதைத் தைக்கும் உரிமை எங்களுக்கு இல்லை.

பட்டங்கள் பொறித்த பழைய இலச்சினை உருக்கப்பட்டதால், அரசியாரின் கைவிரல் பதிந்த அரக்கே இதற்கு முத்திரை. இதை அவையில் வாசிக்கும்போது எவரும் எழுந்து நிற்க வேண்டா, அசையாதிருக்கவும் வேண்டா. வாசிப்பின் நடுவே எங்கேனும் ஒருவர் கை நீட்டினாலோ, குழந்தை அழுதாலோ, கயிறு ஒன்று அசைந்தாலோ, வாசித்த சொல்லை அப்படியே பாதியில் விட்டு, ஓலையைத் தரையில் போட்டுவிட்டு எழுந்து செல்க. இது பவழத்துறை நங்கையின் ஆணை.