அக்கானி குடித்த மோட்டார்

இன்று காலை பக்கத்துப் பனைவிளையில் அக்கானி காய்ச்சினார்கள். ஜன்னலைச் சாத்தினேன், கதவிடுக்கு வழியாக மணம் வந்தது. கதவையும் சாத்தினேன், ஓட்டிடுக்கு வழியாக வந்தது. பதநீர் கொதித்துக் கருப்பட்டியாகத் திரளும்போது வருகிற அந்த மணத்துக்கு ஊரில் எல்லாருக்கும் நாவில் எச்சில் ஊறும். எனக்கு மட்டும் பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றும். அதற்குக் காரணம் நீங்கள்.

எல்லாச் சாதியாருக்கும் கோயில் நடை திறந்துவிட்ட அந்த வருஷம் நீங்கள் கண்ணை மூடினீர்கள். பாளையங்கோட்டை வீட்டை ஒழித்துவிட்டு நான் பூதப்பாண்டிக்கு அப்பா வீட்டோடு வந்துவிட்டேன். உங்கள் சட்டப் புத்தகங்களை உங்கள் சிநேகிதருக்குக் கொடுத்தேன். கறுப்புக் கோட்டைத் தம்பி எடுத்துக்கொண்டான். உங்கள் மோட்டாரின் பின்னால் கட்டியிருந்த அந்தத் தண்ணீர் டின்னை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. வண்டிக்காரன், "இந்தத் துருப்பிடிச்ச தகரம் எதுக்கும்மா?" என்று கேட்டான். "உன் வேலையைப் பாருடே" என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

உங்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. இருக்கும்போது போட்டிருக்க வேண்டியது. ஆனால் உங்களோடு சண்டை போட்டு ஜெயித்தவர் யார்? கோர்ட்டில் ஜட்ஜியிடம் வாதாடுவீர்கள், வீட்டில் பால்காரரிடம் வாதாடுவீர்கள், பூனையிடம்கூட ஒருநாள் வாதாடினீர்கள், நான் கண்ணால் பார்த்தேன்.

மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது தலையில் கட்டிவிட்டுப் போன மோட்டார் அது. நீங்கள் அதை வாங்கியபோதே அதற்கு வயசாகிவிட்டது. முன்னால் கம்பியைச் சொருகிச் சுழற்றிச் சுழற்றி உங்கள் தோள்பட்டை இறங்கிப்போகும். மூன்று தரம் தும்மிவிட்டுத்தான் கிளம்பும். "வயலு வாங்க வக்கில்லாதவன் இரும்ப வாங்கியிருக்கான்" என்று அப்பா சொன்னார். நேரில் சொல்லவில்லை, ஆனால் உங்கள் காதில் விழுகிற தூரத்தில் சொன்னார். அப்பாவுக்கு உங்களைப் பிடிக்காது. நாலு மரக்கால் விதைப்பாடு வயல்கூட இல்லாத வக்கீலுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்கிற எரிச்சல் அவருக்கு முதல் நாளே உண்டு.

அதனால்தான் தம்பி கல்யாணம் எனக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது. கருங்கல் என்கிற ஊரில் பெண் வீட்டில் கல்யாணம், காலை ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள் முகூர்த்தம். தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டால் மற்ற இரண்டையும் மாப்பிள்ளையின் அக்காதான் போட வேண்டும். அப்பாவுக்கு நாங்கள் இரண்டே பிள்ளைகள். தம்பி எனக்குப் பத்து வயசு இளையவன், இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அந்த இரண்டு முடிச்சும் என் முடிச்சு.

மூன்று நாள் முன்னாலேயே போயிருக்கலாம். போகவிட்டீர்களா? ஏதோ ஒரு வாய்க்கால் வரப்புக் கேஸ் முதல்நாள் சாயங்காலம் வரை இழுத்தது. "மோட்டார் இருக்க என்னட்டி பயம்? எழுபது மைல் எம்மாத்திரம்?" என்றீர்கள். அப்பா கடுதாசி போட்டார், எப்படியும் தோவாளை வழியாகத்தானே வருகிறீர்கள், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மாலையும் பிச்சிப்பூவும் நீங்கள் வாங்கி வாருங்கள், பூ வாடக்கூடாது என்று. அவர் உங்களை நம்பி ஒப்படைத்த முதல் காரியம் அது. கடுதாசியை இரண்டு தரம் வாசித்துப் பைக்குள் மடித்து வைத்தீர்கள், எனக்குத் தெரியும்.

விடியக்காலை மூன்று மணிக்கே கிளம்பினோம். ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையில் திருவிதாங்கூர்ச் சிப்பாய் நிறுத்தினான். புகையிலை இருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? சோதனை போட அவனுக்கு என்ன அதிகாரம் என்று ஆரம்பித்தீர்கள். அவன் சாவகாசமாக என் பட்டுச்சேலைப் பெட்டி வரை எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தான். அங்கே போனது அரை மணி.

தோவாளையில் மாலையும் பூவும் ஏற்றினோம். இரண்டு ஓலைக் கடவப்பெட்டி நிறைய, வாழையிலை மூடி, கண்ணைத் திறந்தும் திறக்காமலும் இருந்த பிச்சி மொட்டு. நாகர்கோவில் தாண்டியதும் நேராகத் தக்கலை ரோட்டில் போக வேண்டியவர் தெற்கே திருப்பினீர்கள்.

"இஞ்சேருங்க, எங்க போறிய?"

"கடக்கர ரோட்டுல. காத்து அடிக்கும், எஞ்சின் சூடாகாது. யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். தக்கலை ரோட்டில் பத்தடிக்கு ஒரு கிணறு, குளம், ஆள், வண்டி. கடற்கரை ரோட்டில் பனையும் மணலும். நான் யோசித்ததைச் சொல்வதற்குள் நீங்கள் ராஜாக்கமங்கலத்துக்கே போய்விட்டீர்கள். அங்கே ஒரு கடையில் காப்பி குடிக்க இறங்கினீர்கள், பத்து நிமிஷம் என்று. கடைக்காரரிடம் எதைப் பற்றி வாதாடினீர்களோ, அரை மணி. நான் பூவோடு மோட்டாரில் உட்கார்ந்திருந்தேன். சித்திரை மாசத்து வெயில் ஏழு மணிக்கே சுள்ளென்று ஏறிவிட்டது.

மணவாளக்குறிச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அந்தச் சவத்து மோட்டார் மூச்சுவிட ஆரம்பித்தது. முதலில் புஸ் என்றது. பிறகு மூடி இடுக்கில் ஆவி பீய்ச்சியது. இறங்கிப் பின்பக்கம் கட்டியிருந்த தண்ணீர் டின்னை எடுத்தீர்கள். அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஏட்டி, ராத்திரி நெறச்சு வச்சேனே?"

"ஓட்டையா இருக்கும்" என்றேன்.

டின்னைத் தூக்கி வானத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பார்த்தீர்கள். பிறகு பின் சீட்டில் இருந்த பூக்கடவங்களைப் பார்த்தீர்கள். "பூ கொள்ளாம், நல்ல குளிர்ச்சியா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் தேடப் போனீர்கள்.

பக்கத்தில் கிடந்த ஊற்றில் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துத் துப்பினீர்கள். "உப்பு. உப்புத்தண்ணி எஞ்சின அரிச்சிரும்." இதுவரைக்கும் சரி. இதோடு நிறுத்தியிருந்தால் நான் இந்த மடலை எழுத வேண்டியதில்லை. அந்த நேரம் பார்த்துப் பனையிலிருந்து ஒருவர் நிறைகலயத்தோடு இறங்கினார். நுரை ததும்பும் புத்தம்புது அக்கானி. நீங்கள் கலயத்தைப் பார்த்தீர்கள், மோட்டாரைப் பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும், மண்டைக்காட்டம்மே, காப்பாத்து என்று நான் வாய்விட்டே சொன்னேன்.

பனையேறியின் பெண்டாட்டி குடிலுக்கு வெளியே பெரிய பானையில் அக்கானி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அகப்பையைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தாள்.

"ஐயா, அத ஊத்தாதேயுங்கோ. சூடு கண்டா எறுகிக் கருப்பட்டியாப் போவும்."

"அது உனக்க அடுப்புல. இது எஞ்சினாக்கும். எஞ்சினுக்கு வேண்டியது உப்பில்லாத ஈரம். இதுல உப்பு உண்டா?"

"உப்பு இல்ல ஐயா, ஆனா..."

"உப்பு இல்லல்லா? அப்போ சரி."

கேஸ் ஜெயித்துவிட்டது. நாள் முழுதும் அக்கானி காய்ச்சுகிறவளுக்கு அக்கானியைப் பற்றிச் சட்டம் சொல்லி வாயடைத்துவிட்டு, கலயம் கலயமாக மூன்று கலயம் ஊற்றினீர்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்து, "என்ன செய்ய அம்மா, ஆம்பிளைக சொன்னாக் கேக்க மாட்டாவ" என்று சொல்லிவிட்டுத் தன் பானைக்குத் திரும்பினாள்.

மோட்டார் கிளம்பியது. அதைச் சொல்லத்தான் வேண்டும். "பாத்தியாட்டி?" என்று என் பக்கம் திரும்பிச் சிரித்தீர்கள். ஒரு மைல் தூரம் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு மூடி வெடித்து, நுரை பொங்கி, முன் கண்ணாடி முழுதும் பழுப்பாக வழிந்தது. உங்கள் மீசையிலும் வழிந்தது. உள்ளே கடகடவென்று ஏதோ இடித்தது, ஒரு முனகல் கேட்டது, அவ்வளவுதான். கருப்பட்டி பதமாகிவிட்ட மணம். கருமணல் அள்ளப் போன ஆட்கள் நின்று மூக்கை உறிஞ்சினார்கள். "எந்த விளையில காய்ச்சுகாவ?" என்று ஒருவர் கேட்டார். உங்களுக்குப் பதில் வராமல் போனதை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன்.

எறும்பு வந்ததைச் சொல்லவா? எங்கிருந்துதான் வந்ததோ, சாரிசாரியாக டயர் வழியாக ஏறியது.

ஒருமணி நேரம் வெயிலில் நின்றோம். கடைசியில் குளச்சலுக்குக் கருவாடு கொண்டுபோகிற ஒரு சாய்பு தன் மாட்டுவண்டியை நிறுத்தினார். "தங்கச்சி, கேறிக்கிடுங்கோ. மணக்கும், ஆனா போய்ச் சேந்திரும்" என்றார். நல்ல மனுஷர், குளச்சலில் சரக்கை இறக்காமலே நேராகக் கருங்கல்லுக்கு ஓட்டினார். கருவாட்டுச் சாக்கின் மேல் பட்டுச்சேலையோடு நான், என் மடியில் பிச்சிப்பூக் கடவம், எனக்கு எதிரே மீசையில் கருப்பட்டி உறைந்த நீங்கள். முகூர்த்த நேரம் முழுதும் அந்த வண்டியிலேயே கழிந்தது. பத்தரை ஆனதும் நான் அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். நீங்கள் என் கையைப் பிடிக்க வந்தீர்கள், உதறிவிட்டேன்.

பந்தலுக்குள் நுழைந்தபோது இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. என் முடிச்சைச் சித்தி மகள் போட்டிருந்தாள். கடையில் வாங்கிய ஏதோ வாடிய மாலையோடு தம்பி உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும், "அக்கா" என்று எழுந்தான். அப்பா எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார்.

"என்ன ஆச்சு?"

வாதாடுவீர்கள் என்று காத்திருந்தேன். சவுக்கைச் சிப்பாய், ரோடு, துரை தலையில் கட்டிய எஞ்சின், ஓட்டை டின், எத்தனை சாக்கு இருந்தது உங்களுக்கு! நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு சொன்னீர்கள்:

"எனக்க பெழதான் மாமா. டின்னுல தண்ணி எடுக்க மறந்துட்டேன். அக்கானிய ஊத்திட்டேன்."

பந்தல் முழுதும் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து நீங்கள் அக்கானி மாப்பிள்ளை. எந்த விசேஷமானாலும் அப்பா உங்களைக் குடும்பத்து மாப்பிள்ளைகள் வரிசையில் உட்காரச் சொல்லவில்லை. குழந்தைகள்கூட உங்களை அப்படிக் கூப்பிட்டன. நீங்களும் "என்ன மக்கா?" என்று திரும்பிப் பார்ப்பீர்கள். மோட்டாரைப் பிரித்துக் கழுவிய மேஸ்திரி உள்ளிருந்து சுரண்டி எடுத்த கட்டியைக் காகிதத்தில் பொதிந்து கொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் டின்னை நிறைத்து என் காலடியில் வைப்பீர்கள். "ஓட்டை டின், பாத்துக்கோ" என்பீர்கள். வருஷக்கணக்காக அதே வார்த்தை, அதே சிரிப்பு. எனக்கு உள்ளே சுருக்கென்று தைக்கும். வேறு டின் வாங்குங்கள் என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை, நீங்களும் வாங்கியதில்லை.

முந்தாநாள் உங்கள் திவசம். இலை போட்டு உட்கார்ந்ததும் அப்பா பழையபடி ஆரம்பித்தார், அக்கானி மாப்பிள்ளை கதையை. வந்தவர்கள் சிரித்தார்கள். நான் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். கரண்டியை வாளிக்குள் போட்டுவிட்டுச் சொன்னேன்.

"அவிய தண்ணி நெறச்சுதான் வச்சிருந்தாவ அப்பா. ராஜாக்கமங்கலத்துல அவிய காப்பி குடிக்கப் போனப்போ நான்தான் எடுத்துப் பூமேல தெளிச்சேன். மோட்டாருக்குள்ளது, தொடப்பிடாதுன்னு சொல்லியிருந்தாவ. நீங்க பூ வாடப்பிடாதுன்னு எழுதியிருந்திய. முழு டின்னையும் ஊத்திட்டு, ஓட்டைன்னு சொன்னேன்."

யாரும் இலையில் கை வைக்கவில்லை. அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, இருந்தாலும் பார்த்தார்.

"இத இப்ப வந்து சொல்லுகியே மக்கா. அவன் இருக்கும்போ சொல்லியிருந்தா ஒருநாளாவது அவன எனக்க பக்கத்துல இருத்திச் சோறு போட்டிருப்பேனே" என்றார். இலையை மூடிவிட்டு எழுந்து போனார்.

உங்கள்மேல் எனக்குள்ள கோபம் இதுதான். அக்கானி ஊற்றியதுகூட இல்லை. அது உங்கள் முட்டாள்தனம், அதை நான் மன்னித்துவிட்டேன். ஊர் முழுக்க வாதாடின மனுஷன் அந்தப் பந்தலில் ஏன் வாயை மூடிக்கொண்டீர்கள்? இவள்தான் ஊற்றினாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? வீட்டுக்கு வந்தாவது என்னைத் திட்டியிருக்கலாமே. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி, அன்றே தீர்ந்திருக்கும். இப்போது யாரிடம் போய்த் தீர்த்துக்கொள்வேன்?

ஜன்னல் கதவெல்லாம் சாத்தியும் மணம் போகவில்லை. கிணற்றடிக்குப் போய் அந்த டின்னில் விளிம்பு வரை தண்ணீர் நிறைத்து வந்து, காய்ந்த தரையில் என் முன்னால் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.